பல்பு காட்டுதல்

அந்த வருஷம் கும்மிடிப்பூண்டியில் கரண்ட் போனதும் வேலை தொடங்குகிற வீடுகள் நிறைய இருந்தன. காலையில் நாஷ்டா நேரத்துக்குப் போனால் உச்சிக்கு முன்னால் வராது என்பது எல்லோருக்கும் பழகிவிட்டது. ஃபேனைக் கழற்றி இறக்கைகளைத் துடைப்பது, எலி கடித்த ஒயரை ஒட்டுவது, உடைந்த ஸ்விட்சை மாற்றுவது எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். ரயிலில் சென்னைக்குப் போகிறவர்கள் அத்திப்பட்டு தாண்டும்போது அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்து, "நம்ம கரண்ட் அங்க வெந்துகினு கீது, இன்னும் எறக்கல" என்பார்கள்.

தஸ்லீமும் அப்படி ஒரு காலையில்தான் மானிட்டரைக் கட்டிலின் மேல் கவிழ்த்துப் போட்டான். ஆட்டுக்குட்டி அளவு கனமுள்ள பழைய கண்ணாடிப் பெட்டி. அது அவன் மனைவி ஷமீமாவின் பிழைப்பு. பொன்னேரியில் இருக்கிற ஓர் அச்சகத்துக்கு அவள் கல்யாணப் பத்திரிகைகளை வீட்டிலிருந்தபடி டைப் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். சில நாட்களாக ஸ்விட்சைப் போட்டால் பச்சை விளக்கு மட்டும் சிமிட்டிச் சிமிட்டி அணைந்தது, படம் வரவில்லை.

தஸ்லீம் சிப்காட்டில் கம்பி உருட்டுகிற ஒரு ஆலையில் எலக்ட்ரீஷியன். அவனுக்கு உதவியாளாக இருந்த முனுசாமியும் அன்று கூட வந்திருந்தார். வயதில் மூத்தவர், ஆந்திர எல்லைப் பக்கம் ஆரம்பாக்கத்துக்காரர். தலையில் கட்டிய துண்டை அவிழ்க்காமலே கட்டில் ஓரத்தில் குந்தியிருந்தார். மழை வருவதுபோல் வானம் இருண்டு, வராமல் புழுங்கியது. ஆலைகளின் கரித்தூள் ஜன்னல் கம்பியில் மை மாதிரி படிந்திருந்தது.

மூடியைக் கழற்றியதும் தஸ்லீம் விரலால் காட்டினான். "பாத்தியா, கண்டன்சர் உப்பிக்கினு கீது."

கட்டைவிரல் கணு உயரமுள்ள சின்னச் சின்ன உருளைகள். இரண்டு மூன்றின் தலை மட்டும் பூரி மாதிரி எழும்பியிருந்தது. ஒன்றின் உச்சியில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது.

ஷமீமா எட்டிப் பார்த்தாள். திருவள்ளூரில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன் காக்களூர் எஸ்டேட்டில் ஸ்டெபிலைசர் செய்கிற கம்பெனியில் சால்டரிங் வரிசையில் உட்கார்ந்தவள். "எங்க கம்பெனில கெப்பாசிட்டர்னு சொல்லுவாங்க" என்றாள்.

"நீ எந்தப் பேர வேணா வெச்சிக்க. உப்பினது உப்பினதுதான்."

"பல்பு காட்டினீங்களா?"

தஸ்லீம் நிமிர்ந்து பார்த்தான். முனுசாமி முதலில் சிரித்தார்.

"இன்னா ஷமீ, காலங்காத்தால எனக்கே பல்பு குடுக்கறியா?"

"அண்ணி கலாய்க்குது பாய்" என்றார் முனுசாமி. "மானிட்டர் வாங்கி பல்பு வாங்கினது நீதானே."

அவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்பில் சென்னாக்குன்னிக் கருவாடு வறுபடுகிற வாசனை கருகலாக மாறியது. கரண்டியோடு உள்ளே ஓடினாள். பின்னால் அவர்கள் பேசுவது கேட்டது.

"முனுசாமி, அந்த போர்ட அடியில புடிச்சித் தூக்கு."

"ஷாக் கீக் அடிக்கப் போவுது பாய்."

"ஊர்லயே கரண்ட் இல்ல. பிளக்கும் வெளிய கெடக்குது. கை வையி, ஒண்ணும் ஆவாது."

"நீ சொன்னா சரி."

முனுசாமியின் சட்டைப்பையில் செல்போன் பாட ஆரம்பித்தது. எந்தக் கடன்காரன் என்று பார்க்கிற முகத்தோடு அவர் எழுந்து வாசலுக்குப் போனார். "தபா தபா உனக்கு போன் வரும்" என்று சலித்துக்கொண்டு தஸ்லீம் தானே போர்டின் அடியில் கை விட்டான்.

சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. ஈரத் துணியை ஒரே ஒரு முறை உதறினதுபோல. அதற்கப்புறம்தான் அரிசி டிரம் விழுகிற சத்தம்.

ஷமீமா வந்தபோது தஸ்லீம் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். வலது கையை இடது கையால் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். வாய் திறந்திருந்தது. அவளைப் பார்த்த கண்ணில் அவள் தெரியவில்லை. சுற்றிலும் அரிசி.

துவைக்கிற கல்லிலிருந்து அவன் தாயார் ஹாஜிரா ஈரக்கையோடு ஓடி வந்தாள். "பிளக்கப் புடுங்குடி."

"பிளக்கு வெளியதான் மாமி கெடக்குது."

"கரண்ட் வந்துட்டுதா?"

ஷமீமா மேலே பார்த்தாள். எல்லா வீட்டிலும் போலவே ஃபேன் ஸ்விட்ச் போட்டபடியே இருந்தது. ஃபேன் அசையவில்லை. "இல்ல மாமி."

"அப்ப எம் புள்ளய இன்னா அடிச்சிது?"

செல்போனைக் காதில் வைத்தபடியே முனுசாமி வாசலில் நின்றார். போனுக்குள் யாரோ அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஹாஜிரா மகனின் உள்ளங்காலைத் தேய்த்தாள். ஓதி நெஞ்சில் ஊதினாள். மண்ணில் நிற்க வைத்தால் கரண்ட் இறங்கும் என்று பக்கத்து வீட்டு பூவம்மாள் சொன்னதால், இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வேப்பமரத்தடியில் வெறுங்காலோடு நிற்க வைத்தார்கள். பிறகு ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

ஆட்டோவில் போகும்போதுதான் ஷமீமாவுக்கு உறைத்தது. காக்களூர் வரிசையில், போர்டை அடுத்த ஆளுக்குத் தள்ளும் முன்னால், அதிலுள்ள பெரிய கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் ஒரு பல்பின் ஒயரை வைப்பார்கள். மிச்சம் தங்கியிருக்கிற கரண்ட் பல்பு வழியாக எரிந்து தீர்ந்துவிடும். அதற்கு அங்கே 'பல்பு காட்டுறது' என்று பெயர். சூப்பர்வைசர் ஈஸ்வரி நாள் முழுக்க அதைத்தான் கத்துவாள். அந்தச் சொல்லுக்கு இங்கே வேறு அர்த்தம் இருக்கிறது என்று அவளுக்கு ஏன் தோன்றவில்லை? அவள் கேள்வி கேட்டாள். அவர்கள் காதில் அது கேலியாக விழுந்தது.

நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு டாக்டர், "ஒண்ணும் இல்ல, நல்லா இருக்காரு" என்றார். விரல் நுனியில் எள் அளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி. அவ்வளவுதான்.

ஆனால் தஸ்லீம் நன்றாக இல்லை.

வீட்டுக்கு வந்தவன் ஸ்விட்ச் போர்டு இருக்கிற சுவரை விட்டுத் தள்ளி நடந்தான். அந்தி சாய்ந்து அறை இருண்டாலும் லைட்டைப் போடாமல் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் மோட்டார் ஸ்விட்சைப் போடச் சொன்னால் காது கேளாதவன் மாதிரி இருந்தான். முதுகு கழுத்தெல்லாம் வேர்த்து ஒழுகினாலும், தாயார் வந்து ஃபேனைப் போடும்வரை காத்திருந்தான். நானூற்று நாற்பது வோல்ட் ஓடுகிற பேனலில் புறங்கையால் தட்டியே லைன் இருக்கிறதா என்று பார்த்து, "இது சூடு, இது இல்ல" என்று சொல்கிறவன் என்று ஆலையில் பெயர் எடுத்தவன்.

இரண்டு நாள் லீவுக்குப் பிறகு வேலைக்குப் போனான். அன்று சாயங்காலமே முனுசாமி வந்தார். தஸ்லீம் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்த நேரம் பார்த்து வந்தார்.

"அண்ணி, பாய்க்கு இன்னா ஆச்சி?"

"இன்னா ஆச்சின்னு நீங்கதான் சொல்லணும். அங்க கூட இருக்கறது நீங்க."

"பேஜாராக்கீது அண்ணி. மோட்டார் ஒண்ணு நின்னு போச்சி. மெயின அணைச்சாச்சி. ஃபிட்டருங்க நாலு பேரு ஸ்பானரோட நிக்கறானுங்க. பாய் வந்து 'கை வையி'ன்னா வெப்பானுங்க. அதானே வழக்கம்? பாய் வாயத் தொறக்கல. பேனல பாத்துகினே நிக்கறாரு. ஃபோர்மேன் வந்து இன்னாய்யா லைன் இருக்கா இல்லையான்றாரு. 'எனக்குத் தெரியல'ன்றாரு பாய்."

"தெரியலன்னா?"

"அதைத்தான் சொல்றேன். எலக்ட்ரீஷியன் தெரியலன்னா யாரப் போயிக் கேக்கறது? கடைசில நானே டெஸ்டர வெச்சிப் பாத்து, போங்கடான்னேன். ஒருத்தனும் நம்பல. பாய் சொல்லட்டும்னானுங்க."

ஹாஜிரா சுலைமானி டீ கொண்டு வந்து வைத்தாள். "அவன் வாப்பா கடல்ல போன சேதி வந்தப்பகூட எம் மவன் பேசினான். இப்பப் பேச மாட்டன்றான்."

"ஞாயித்துக்கெழம ஷட்டவுன் அண்ணி" என்றார் முனுசாமி. "மில்லே நின்னுடும். கான்ட்ராக்ட் ஆளுங்க முப்பது நாப்பது பேரு உள்ள எறங்குவானுங்க. எல்லாம் பாய் சொல்ற ஒரு வார்த்தையிலதான் எறங்கணும். பாயால முடியாதுன்னா இப்பவே சொல்லிடணும்னு ஃபோர்மேன் சொல்லிட்டாரு. வேற ஆளு பாத்துடுவாங்க. அப்பறம் பாய எதுக்கு வெச்சிக்குவாங்க?" டீயை ஊதினார். "எனக்கே மனசு கேக்கல அண்ணி."

அன்று சாப்பிடும்போது ஷமீமா பேச்சைத் தொடங்கினாள். பழவேற்காட்டிலிருந்து மாமியின் தம்பி கொடுத்தனுப்பிய மடவை மீனில் வைத்த குழம்பு. தஸ்லீமுக்கு உயிர். அவன் முள்ளைக்கூட எடுக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"முனுசாமி வந்தாரு."

"ம்."

"வலிக்குதா இன்னும்?"

"வலியெல்லாம் அன்னிக்கே போச்சி."

"பயமா இருக்கா?"

அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டே பேசினான். "என்னிய அடிச்சிதுன்றதுக்கு நான் பயப்படல ஷமீ. முனுசாமியத்தானே வெக்க சொன்னேன். 'கை வையி, ஒண்ணும் ஆவாது'ன்னேன். அந்தாளு ஏன் எதுக்குன்னு கேக்கல. வெக்கப் போனாரு. போன் வந்துது, தப்பிச்சாரு. நான் சாவற மாதிரி ஆனேன், அந்த வயசுக்கு அவரு? எத்தினி பேர வெக்க சொல்லி இருப்பேன் தெரியுமா? ஒரு ஒரு நாளும். நான் சொன்னா வெப்பானுங்க. இல்லாத எடத்துலயும் கரண்ட் இருக்கும்னா, நான் இன்னான்னு சொல்லுவேன்?"

"இல்லாத எடத்துல இல்லீங்க. அந்தப் பெரிய கெப்பாசிட்டர்ல தங்கி இருந்துது. நல்லா ஓடற பெட்டின்னா அணைச்ச ஒடனே எறங்கிடும். இது கெட்டுப்போன பெட்டி, எறங்க வழி இல்ல. அதான் நான் பல்பு காட்டினீங்களான்னு கேட்டேன்."

அவன் நிமிர்ந்தான். "அது நெஜமா கேட்டதா?"

"எங்க வரிசைல அப்படித்தான் சொல்லுவோம். பல்ப வெச்சி எறக்கறது."

"நீ கலாய்க்கறன்னு நெனச்சேன்."

"நீங்க சிரிச்சதுல நானும் சிரிச்சிட்டேன்."

அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான். தட்டில் மீன் அப்படியே இருந்தது. சொல்லி அவனுக்குப் புரிய வைத்துவிட்டதாக அவள் நினைத்திருந்தாள். ஆனால் அவன் முகம் முன்னைவிடக் கெட்டிருந்தது. அவன் பயந்ததே வார்த்தைகளுக்குத்தான். அவளோ அவன் முன்னால் இன்னும் கொஞ்சம் வார்த்தைகளைக் கொண்டு போய் வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை கரண்ட் போவதற்கு முன்னாலேயே அவள் மானிட்டரோடு உட்கார்ந்தாள். பஜாரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஆரோக்கியமேரி, பழைய உருளைகளின் மேல் எழுதியிருந்ததைப் படித்து அதே அளவில் புதியவற்றைக் கொடுத்திருந்தாள். "கோடு போட்ட பக்கம் மைனஸ். மாத்தி வெச்சே, பட்டாசு வெடிக்கும்" என்று சொல்லி, சால்டரிங் அயர்னையும் இரவல் தந்திருந்தாள்.

தஸ்லீம் அன்று வேலைக்குப் போகவில்லை. வாசல்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது.

அவள் ஒரு ஹோல்டரில் இரண்டு ஒயரைக் கட்டி, அறுபது வாட் பல்பை மாட்டி, பெரிய கெப்பாசிட்டரின் காலில் வைத்துப் பார்த்தாள். எரியவில்லை. இத்தனை நாளில் எல்லாம் வடிந்திருந்தது. போர்டைத் திருப்பினாள். அயர்னின் நுனியை வைத்ததும் ஈயம் கண்ணீர் மாதிரி பளபளத்து இளகியது. உப்பிய முதல் உருளை, பால் பல் மாதிரி ஆடிக் கையோடு வந்தது. புதியதின் காலை ஓட்டையில் நுழைத்து, கோடு எந்தப் பக்கம் என்று பார்த்து, மறுபடி பார்த்து, ஈயம் வைத்தாள். ஈயத்தோடு உருகிய ரோசின் பிசினின் புகை மூக்கில் ஏறியது. காக்களூரில் நாளெல்லாம் இந்த வாசனையோடுதான் சோறு தின்றாள். பிடிக்காத வாசனை. கை மட்டும் எதையும் மறக்கவில்லை.

எல்லாம் வைத்து முடித்து, பிளக்கைச் செருகி, எட்ட நின்று ஸ்விட்சைப் போட்டாள். பச்சை விளக்கு சிமிட்டியது. அணைந்தது. மறுபடி சிமிட்டியது. படம் வரவில்லை.

"இன்னாடி, அதே மாதிரி கண்ணடிக்குது?" என்றாள் ஹாஜிரா.

"ஒரு கால் சரியா ஒட்டல போல மாமி."

அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சால்டரை உற்றுப் பார்த்தாள். ஒரு காலைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் தெரிந்தது. அயர்னை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து மேலே ஃபேன் வேகம் குறைந்து, சுற்றிச் சுற்றி நின்றது. தெருவில் யாரோ "போச்சுடா" என்றார்கள். அயர்ன் இன்னும் சூடாகத்தான் இருந்தது. ஆறுவதற்குள் அந்த ஒரு காலை ஒட்டிவிடலாம். பல்பு ஒயருக்காக அவள் அவசரமாக போர்டுக்கு மேலே கை நீட்டினாள்.

"தொடாத."

தஸ்லீம் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். எப்போது எழுந்து வந்தான் என்று தெரியவில்லை. விரல்கள் எலும்பில் பதிந்தன.

"நான் தொடல. பல்ப எடுக்கறேன்."

"கரண்ட் இல்லன்னு நெனச்சி..."

"இருக்குது" என்றாள் அவள். "இப்பத்தானே போட்டு அணைச்சேன். இதுக்குள்ள இருக்குது. விடுங்க, பாருங்க."

அவன் விடவில்லை. அவன் பிடித்த கையோடேயே அவள் ஒயர்களை எடுத்து, இரண்டு காலிலும் வைத்தாள்.

பல்பு எரிந்தது. கரண்ட் இல்லாத ஊரில், பிளக் தரையில் கிடக்க, மூடாத ஒரு பெட்டியின் வயிற்றிலிருந்து ஒரே ஒரு துடிப்பாக வெளிச்சம் வந்து, சுவரில் மூன்று பேரின் நிழலையும் அடித்துவிட்டு, மஞ்சளாகி, சிவந்து, போய்விட்டது.

ஹாஜிரா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தஸ்லீம் பல்பையே பார்த்தான். "இதுவா?" என்றான். "இதுவா என்னிய அடிச்சிது?"

"இதான்."

"இன்னொரு தபா வையி."

வைத்தாள். எரியவில்லை.

"மறுபடி."

எரியவில்லை. அவன் அவள் கையை விட்டான். ஒயர்களை வாங்கி, தானே வைத்தான். அழுத்தி வைத்தான். பல்பு வெறும் கண்ணாடியாக இருந்தது. அயர்ன் நுனியிலிருந்து எழுந்துகொண்டிருந்த புகை இழை மெலிந்தது.

"அயர்ன் ஆறுதுங்க."

"ஆறட்டும்." அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "மில்லுல பேனலுக்குப் பின்னால கண்டன்சர் வரிசையா கீது. ஒண்ணொண்ணும் பிஸ்கட் டப்பா அளவு. மெயின அணைச்சிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போவோம். அது வழக்கம். எவன் ஆரம்பிச்சானோ. குடிச்சிட்டு வந்துதான் கை வெப்போம்." கண்ணை மூடித் திறந்தான். "நாங்க டீ குடிக்கறப்ப அது எறங்கிக்கினு இருந்திருக்குது. நான் வாயால சொன்னதாலதான் ஒண்ணும் ஆவலன்னு இத்தினி வருஷமா நெனச்சினு இருந்தேன் ஷமீ."

அவள் போர்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"கை வெக்கலாமா?" என்று கேட்டாள்.

அவளுக்குப் பதில் தெரியும். அது அவனுக்கும் தெரியும். அவன் நெற்றியில் வேர்வை கோடு கோடாக இறங்கியது. ஹாஜிராவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவன் தன் வலது கையை நீட்டி, கருப்புப் புள்ளி இருந்த விரல் முதலில் படும்படி போர்டின் அடியில் வைத்தான். பிறகு உள்ளங்கை முழுவதையும் வைத்தான். சால்டர் முனைகள் குத்தியிருக்கும். எடுக்கவில்லை. தெருவில் ஒரு லாரி போய், அதன் சத்தம் தேய்கிறவரை எடுக்கவில்லை.

"வையி" என்றான்.

அவள் வைத்தாள். அவன் விரல்கள் இன்னும் நடுங்குவது போர்டு வழியாக அவளுக்குத் தெரிந்தது.

கொஞ்சம் கழித்து அவன், வேலை பேசுகிற குரலில் பேசினான். "மில்லுக்கு ஒரு பல்பு தாங்காது. படீர்னு போயிடும். ரெண்டு பல்ப சேத்துக் கட்டணும். ஹோல்டர் இன்னொண்ணு கீதா?"

"பாத்ரூம்ல ஒண்ணு கீதுடா" என்றாள் ஹாஜிரா. "கழட்டிக்க. கரண்டுதான் இல்லையே."

தஸ்லீம் தாயாரைப் பார்த்தான். பிறகு எழுந்து, இத்தனை நாளாகச் சுற்றி நடந்த அந்தச் சுவருக்குப் போய், மெயினைக் கீழே இறக்கினான்.